பக்கத்துக் கட்டில்

சிங்காரம் பாவாவின் ஆட்டோவில் ஒருமுறை ஏறியவர்கள் இரண்டாவது முறை ஏறுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாய்தான் தொல்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஏறி, மலைப்பாதை வழியாகக் கோயில் வாசலில் இறங்குவதற்குள் உங்கள் ஊர் எது, மகனுக்கு எங்கே வேலை, மருமகள் சமைக்கிறாளா, மூட்டுவலிக்கு என்ன தைலம் தடவுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார். கறந்ததோடு விட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் யோசனை வேறு சொல்வார். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில், நம்மவர்களிடம் தமிழில், வடக்கத்திக்காரர்கள் வந்தால் அவருக்கு மட்டுமே புரிகிற ஓர் இந்தியில். ஒருமுறை ஓர் அம்மாள் பாதி மலையிலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்து போனதாக ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு. அந்த அம்மாளுக்கு நடப்பதாக வேண்டுதல், அதனால்தான் இறங்கினாள் என்று பாவா சாதிப்பார்.

அவர் என் அக்கா அனுசுயாவின் வீட்டுக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற எங்கள் வீடுகளில் அக்கா புருஷனைப் பாவா என்போம், அப்பாவை நைனா என்போம். நான் விஜயன். மலையடிவாரத்தில், படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஊரில் கேட்டால் கொஞ்சமில்லை என்பார்கள், அதை விடுங்கள். தினமும் முதல் சவாரிக்கு முன்னால் பாவா என் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்துவார். தேங்காய் வாங்க ஆள் நிற்கும்போது பார்த்து, "இன்னா விஜயா, நேத்து குடுத்த காயி அழுவலாமே, அம்பத்தூர் பார்ட்டி சொல்லிகினு போச்சு" என்று கேட்பார். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன வியாபாரம் செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்புவேன். சிரித்துக்கொண்டே போவார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிற்பார்.

கொரோனா இரண்டாம் அலையில் அவரைப் பிடித்தது. எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதெல்லாம் வீண்வேலை. பேசாத ஆளில்லை, போகாத இடமில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே யாரையும் விடவில்லை, விடவும் முடியாது. அக்கா, அவள் மகள் தேவிப்பிரியா, நான், மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். அந்த மரத்தடியில் எங்களைப் போல எத்தனையோ குடும்பம்.

அந்த நேரத்தில் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வேண்டிக்கொள்வது. மலைக்கோயில் சாத்தியிருந்தது. சாத்தியிருந்தால் என்ன, அடிவாரத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்வதை எந்தப் போலீஸ் தடுக்க முடியும்? அக்கா வேண்டிக்கொண்டாள்: பாவா பிழைத்து வந்தால் ஆடிக்கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பார். தேவிப்பிரியா வேண்டிக்கொண்டாள்: நைனா புகையிலை போடுவதை விட்டுவிடுவார். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் கூடிப் பேசி, பாவாவின் பழைய கூட்டாளி சின்னசாமியின் தலைமையில் வேண்டிக்கொண்டார்கள்: சிங்காரம் மொட்டை போடுவார். பாவாவின் சுருட்டை முடி ஊரறிந்த விஷயம். சவாரி ஏற்றுவதற்கு முன்னால் கண்ணாடியில் பார்த்து ஒருதரம் சீவிக்கொள்ளாமல் வண்டியை எடுக்கமாட்டார். நான் என் பங்குக்கு வேண்டிக்கொண்டேன்: பாவா ஆட்டோவில் வராமல் படியேறி வருவார்.

கவனித்தீர்களா? எங்களில் ஒருவர்கூடத் தன் தலையையோ தன் காலையோ வைத்து வேண்டிக்கொள்ளவில்லை. எல்லாம் அவர் உடம்பு. எங்கள் ஊரில் இது சகஜம். மலைமேல் மொட்டை போட வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "எங்க பெரிம்மா வேண்டிகினாங்க", "எங்க மாமியார் வேண்டிகினாங்க" என்பார்கள். வேண்டிக்கொண்ட பெரியம்மா பின்னிய கொண்டையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

முருகன் கைவிடவில்லை. பாவா வீட்டுக்கு வந்தார். அக்கா ஆரத்தி எடுத்தாள், எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கினாள், ஸ்டாண்டுக்காரர்கள் தெரு முனையில் சரவெடி வைத்தார்கள். பாவா எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தோம். கோழிச்சாறு, ஆட்டுக்கால் சூப்பு என்று அக்கா ஊற்றிக்கொண்டேயிருந்தாள். உடம்பு தேறியது. கன்னம்கூட உப்பியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் பேச்சு வரவில்லை. ஆளும் வெளியே வரவில்லை.

வராமல் இல்லை, வரப் பார்ப்பார். சட்டை போட்டுக்கொள்வார், செருப்பை மாட்டுவார், வீட்டுக் கேட்டில் கை வைப்பார். கை வைத்ததும் முகம் வெளிறிப்போகும். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தேவிப்பிரியா அரக்கோணத்தில் காலேஜில் படிக்கிறாள், அவள்தான் விசாரித்து ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனில் பேச வைத்தாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரருக்கு இன்னா பைத்தியமாடி?" என்று மகள்மேல் பாய்ந்தாள். டாக்டரம்மா பொறுமைசாலி. வார்டில் இருந்து வந்த நிறையப் பேருக்கு இப்படி இருக்கிறது, இது நெஞ்சிலிருக்கும் பயம், கேலி செய்யாதீர்கள், மாத்திரை கொடுக்கிறேன், ஆனால் அவர் மனம்விட்டுப் பேசினால்தான் முழுசாக விலகும் என்றாள். மாத்திரையால் தூக்கம் வந்தது. ஊரையே பேசித் தீர்த்த மனுஷன் மனம்விட்டுப் பேசுவது மட்டும் நடக்கவில்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் தாயத்து என்றார், ஒருத்தர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒருவர் மந்திரிக்கிறார் என்றார். எல்லோரையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது, "மனசுல தைரியம் வேணும் சிங்காரம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிற கூட்டம்தான். தைரியம் கடையில் விற்கிற சாமானாக இருந்தால் நானே கற்பூரத்தோடு சேர்த்து அடுக்கி வைத்திருப்பேனே. ஒரு நாள் அப்படிச் சொன்ன ஒருவரின் கையிலிருந்து டீ டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். அக்கா என்னைத் திட்டினாள். திட்டட்டும்.

ஆட்டோ தார்ப்பாய்க்குள் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி பின் சீட்டில் முட்டை வைத்தது. அக்கா அதை எடுத்துப் பொரித்துப் பாவாவுக்கே போட்டாள். சின்னசாமி வாரம் ஒருதரம் வந்து பாவாவின் எதிரில் உட்கார்ந்து ஸ்டாண்டு கதையெல்லாம் சொல்லுவான். பாவா தலையை ஆட்டுவார். சின்னசாமி வெளியே வந்து என்னிடம், "அந்த ஆளு வாய மூடுனா போதும்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன், இப்ப பேசுனா போதும்னு கீதுப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். எனக்கும் அதேதான். காலையில் கடையைத் திறந்தால் வாசல் வெறிச்சென்று இருக்கும். என்னைக் கேலி செய்ய ஆளில்லாமல் நான் பெரிய மனுஷனாகிப் போயிருந்தேன், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறு வருஷம் ஆடி வந்தது. இரண்டு வருஷம் கூட்டமில்லாமல் கிடந்த ஆடிக்கிருத்திகைக்கு அந்த வருஷம்தான் ஜனங்களை விட்டார்கள். ஊர் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் சேலையுமாக நிறைந்தது. என் கடையில் கைக்கு ஓய்வில்லை. அக்காவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. அவள் கணக்கு அவளுக்கு: வேண்டுதல் எல்லாம் பாக்கி நிற்கிறது, அதனால்தான் முருகன் அவரை வாசல் தாண்ட விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார், பாக்கியைத் தீர்த்தால் கால் தன்னால் நடக்கும்.

"அவரால கேட்டத் தாண்ட முடியல, காவடி எங்க எடுக்கறது?" என்றேன்.

"மொட்டைய மட்டுமாவது ஊட்லயே போட்டுடலாம் அனுசுயாக்கா" என்றான் சின்னசாமி. "முடிய நான் கொண்டுபோய் மலைல சேத்துடறேன்."

வீட்டில் மழித்த முடி மலைக்குப் போனால் வேண்டுதல் தீர்ந்த கணக்கா இல்லையா என்று ஸ்டாண்டிலிருந்து வந்திருந்த எல்லோரும் பாவாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாதம் செய்ய ஆரம்பித்தார்கள். தலைக்குச் சொந்தக்காரரை ஒருவரும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு வேண்டுதலாக எடுத்துச் சொல்லி, எதை முதலில் முடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறியது. எல்லோரையும் வெளியே போகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் வேண்டிகினத யாரு தீக்கிறது?" என்றார் பாவா.

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது.

"ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆளு. சுப்பன்னு பேரு. திருவாலங்காடு. கரும்பு வெட்டறவரு. சுப்பண்ணன்னுதான் கூப்புடுவேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூச்சு தெணறல். நான் வேண்டிகினேன். முருகா, ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடு, சுப்பண்ணன நானே என் ஆட்டோல ஏத்திகினு வந்து மொட்டை போட வெக்கிறேன்னு." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஒரு ஆளத்தான் அனுப்புனாரு."

அவரும் அடுத்தவன் தலையைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் ஸ்டாண்டில் சிரித்து உருண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொருத்தராக எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் அக்கா என் கடைக்கு வந்து, என்னைக் கேட்காமலே ஒரு பையில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் எடுத்துப் போட்டாள். "கெளம்புடா. திருவாலங்காட்டுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"பாவாவோட வேண்டுதல் பாதில நிக்குது. அந்த ஊட்ல யாராச்சும் ஒருத்தர் மொட்டை போட்டா முடிஞ்சிடும். இல்லயா, அந்த வேண்டுதல உட்டுட்டோம்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அதும் போதும்."

"சாவு உழுந்த ஊட்ல போய் மொட்டை பாக்கின்னு கேப்பியா நீ?"

"கேப்பேன்."

என் அக்காவிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் வம்சத்தில் கிடையாது. வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினோம். விஷயத்தைக் கேட்டதும் பாவா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போவாத அனுசுயா. உன் புருஷன் மட்டும் எப்பிடி வந்தான்னு கேப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக இந்த மனுஷன் வைரசுக்குப் பயந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே எங்கேயோ அந்தக் கேள்வியோடு ஒருத்தி நிற்கிறாள் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கேட்டா கேக்கட்டும்" என்றாள் அக்கா. "நீ உசிரோட வந்ததுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." கையை விடுவித்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

கனகம்மாசத்திரம் வழியாகப் போனோம். வழி நெடுக அக்கா சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தாள். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சுப்பனின் மனைவி வள்ளியம்மாள் வாசலில் மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம். அவளைப் பார்த்ததும் அக்காவுக்குப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. பையை நீட்டிக்கொண்டு, "நாங்க திருத்தணிங்க. ஆஸ்பத்திரில உங்க ஊட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டில்ல எங்க ஊட்டுக்காரரு இருந்தாருங்க. அவரு ஒரு வேண்டுதல்…" என்று ஆரம்பித்தாள்.

வள்ளியம்மாள் கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள். "பக்கத்துக் கட்டில்லயா?"

"ஆங்."

"அவரு உசிரோட கீறாரா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி வந்துவிட்டது. "ஆங்" என்றாள், குற்றம் செய்தவளைப் போல.

"பேசுவாரா?"

"அவரு… அதிகம் பேசறதில்லைங்க இப்போ."

வள்ளியம்மாள் உள்ளே போனாள், வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள், கதவைப் பூட்டினாள். பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து என் வண்டியின் அருகில் நின்றாள். "எங்க உக்காரணும்?" என்றாள். மொட்டை என்கிற வார்த்தையைச் சொல்ல அக்காவுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒரு டிவிஎஸ் வண்டியில் மூன்று பேர், நடுவில் கொடுக்காத தேங்காய்ப் பை. போலீஸ் நின்றால் என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் வள்ளியம்மாள் அக்காவிடம் பேசிக்கொண்டு வந்தாள். "கொண்டுபோய் உட்டதோட சரிம்மா. போன் பண்ணா கெடைக்கல. அப்புறம் முடிஞ்சிடுச்சின்னு சொன்னாங்க. எட்ட நின்னு பாத்தோம், பிளாஸ்டிக்ல சுத்தி இருந்திச்சி. மொகம் பாக்கல. இன்னா சாப்ட்டாரு, யார் கிட்ட பேசினாரு, யாரு கூட இருந்தாங்க, எதுவும் எனக்குத் தெரியல. அந்த நேரத்துல யாரப் போயி கேக்கறது? இத்தினி நாளும் யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லமாட்டாங்களான்னு பாத்துகினே இருந்தேன்." எனக்கு முன்னால் ரோடு கலங்கலாகத் தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாவாவுக்கு யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போகப் பார்த்தார். அக்கா குறுக்கே நின்றாள். திரும்பி உட்கார்ந்தார். வள்ளியம்மாள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பாவாவின் நெற்றி வேர்த்தது. கேள்விக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"தம்பி, அங்க ஒழுங்கா சாப்ட்டாரா?" என்றாள் வள்ளியம்மாள்.

பாவா நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிர்பார்த்த கேள்வி அதில்லை.

"…சாப்ட்டாரு அண்ணி. இட்லி குடுப்பாங்க. அவருக்குப் புடிக்காது. எங்க ஊட்ல கேவுரு களி கிண்டுனா இந்த இட்லியத் தூக்கி எருமைக்குப் போட்டுடுவேன்பாரு. எனக்கு எடுத்து வெப்பாரு. நீ ஆட்டோ ஓட்டற, ஒடம்புல தெம்பு வேணும்பாரு."

"எருமையச் சொன்னாரா?"

"சொன்னாரா? எனக்கு உங்களத் தெரியறதுக்கு முன்ன உங்க எருமையத் தெரியும் அண்ணி. பால் கறக்க உட்டுச்சான்னு தெனம் கவலப்படுவாரு. வள்ளி கோவக்காரி, எருமையும் கோவக்காரி, நான் இல்லாம ரெண்டும் ஒண்ண ஒண்ணு முட்டிகினு கெடக்கும்பாரு."

வள்ளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவள் சிரித்ததும் பாவாவுக்கு வாய் திறந்துகொண்டது. சுப்பன் நர்சுகளுக்கு வைத்த பட்டப்பெயர், எதிர்க் கட்டில் வாத்தியாரோடு போட்ட சண்டை, கரும்பு லாரியிலிருந்து விழுந்து எழுந்த கதை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. அக்கா கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்தாள். காலேஜிலிருந்து வந்த தேவிப்பிரியா பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் நைனாவின் குரல் தெருவரை கேட்டிருக்கிறது.

"பொண்ணு பொறந்தப்ப மணவூர்ல இருந்தீங்களாமே" என்றார் பாவா.

"ஆங், எங்க அம்மா ஊடு. பாக்க வரேன்னாரு. காலைல வரவேண்டியவரு சாயங்காலம் வந்தாரு. மணவூர்ல ரயிலு நிக்கல, திருவள்ளூருக்கு இட்டுகினு போயிடுச்சின்னாரு."

"ரயிலு நின்னுது அண்ணி. அவருதான் எறங்கல."

"இன்னாது?"

"திருவள்ளூர் ஸ்டேஷன் பெஞ்சில நாளெல்லாம் உக்காந்துகினு இருந்தாராம். கொழந்தையத் தூக்கக் குடுப்பாங்களே, எனக்குத் தூக்கத் தெரியாதே, கீழ போட்டுட்டா இன்னா பண்றதுன்னு பயமாம். போண்டா துன்னுகினு உக்காந்திருந்தாராம். யார் கிட்டயும் சொல்லாத சிங்காரம்னாரு."

வள்ளியம்மாளுக்குக் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "இத்தினி வருஷமா ரயிலு நிக்கலன்னு சாதிச்சாரே அந்த ஆளு. மீசைய முறுக்கிகினு ஊரையே மெரட்டுவாரே. அவருக்குப் பயமா?" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நின்றுவிட்டாள். பாவாவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கயும் பயந்தாரா தம்பி?"

அக்கா பின்னாலிருந்து தலையை ஆட்டிச் சாடை காட்டினாள், இல்லையென்று சொல் என்று. நானாக இருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன், சிங்கம் மாதிரி இருந்தார் அண்ணி என்று. பாவா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"பயந்தாரு அண்ணி. ரொம்பப் பயந்தாரு. நானும் பயந்தேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆளு நுழையற எடந்தான். அவருக்குப் பயம் வந்தா கைய நீட்டுவாரு, நான் புடிச்சிக்குவேன். எனக்கு வந்தா நான் நீட்டுவேன். கடசில அவரு கை எங்கைலதான் இருந்திச்சி. நர்சம்மா வந்துதான் பிரிச்சி எடுத்தாங்க. தனியா பயப்படல அண்ணி அவரு."

வள்ளியம்மாள் அழுதாள். எட்ட நின்று பார்த்த அன்று அழ முடியாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பாவா அழுதார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுது முடித்ததும் அக்கா சோறு போட்டாள், எல்லோரும் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து வள்ளியம்மாள் சேலைத்தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு கயல்விழி கேக்கணும் இத. அவரு தூக்க பயந்த கொழந்த அவதான். அப்பா அனாதையாட்டம் போயிட்டாருன்னு இன்னி வரைக்கும் சோறு எறங்காம கெடக்கறா. சாயங்காலம் வேலைல இருந்து வந்துடுவா. நான் சொன்னா அழுதுடுவேன், பாதி வராது. நீ வந்து சொல்லு தம்பி."

"நான் வெளிய போறதில்ல அண்ணி."

"ஏன்?"

பாவா தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பயமா கீது" என்றார். டாக்டரம்மாவிடம்கூட இதைச் சொல்லாதவர்.

வள்ளியம்மாள் அதற்கு ஆச்சரியப்படவில்லை, தைரியம் சொல்லவும் இல்லை. "சரி, பயந்துகினே வா. நான் கூட உக்காந்துகினு வரேன்" என்றாள்.

பாவா எழுந்து சட்டையைத் தேடினார். நாங்கள் தார்ப்பாயை எடுத்தோம். பேட்டரி செத்துப்போயிருந்தது. சின்னசாமிக்குப் போன் போட்டதும் ஸ்டாண்டே திரண்டு வந்து பேட்டரியை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, கேட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். பாவா கேட்டில் கை வைத்தார், வேர்த்தது, உட்கார்ந்தார். வள்ளியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டு பேரும் எழுந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி எழுந்தார்கள். யாரோ "தைரியமா" என்று ஆரம்பித்தார்கள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்கள். பாவா கேட்டைத் தாண்டி வந்து வண்டியில் ஏறினார். வள்ளியம்மாளும் அக்காவும் பின்னால் ஏறினார்கள். நாங்கள் தள்ளினோம், இஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

தெரு முனையில், ரோடு ஆரம்பிக்கிற இடத்தில், வண்டி நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பாவாவின் கை ஹேண்டில்பாரில் உதறிக்கொண்டிருந்தது. "அண்ணி, வருது" என்றார். வள்ளியம்மாள் பின்னாலிருந்து கையை நீட்டினாள். பாவா அதைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த டிராக்டர்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். நான் போய் அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாவா அவள் கையை விட்டு, கிளட்சைப் பிடித்து, திருவாலங்காட்டுக்குப் போகிற சென்னை ரோட்டில் திரும்பினார்.